ஈஐடிசி வாங்க எந்தப் பணம் ‘உழைத்த வருமானம்’? படிப்படியாகப் பார்ப்போம்

அமெரிக்காவில் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள் ஈஐடிசியை, அதாவது உழைத்துச் சம்பாதிப்பவர்களுக்கு அரசு தரும் வரிச் சலுகையை (Earned Income Tax Credit), விட்டுவிடவே கூடாது. 2024-ஆம் வருடக் கணக்கில் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு 7,830 டாலர் வரை கிடைக்கும், பிள்ளை இல்லாதவருக்கு 632 வரை. கட்டவேண்டிய வரி பூஜ்யமாகவே இருந்தாலும் பணம் ரீஃபண்டாக வரும். ஒரே நிபந்தனையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்: அந்த வருடம் உழைத்துச் சம்பாதித்த வருமானம் இருக்க வேண்டும்.

முதலில், வேலை தருபவர் வருடச் சம்பளத்தைக் காட்டித் தரும் டபிள்யூ-2 படிவத்தை எடுங்கள். 1-ஆம் கட்டத்தில் உள்ள தொகைதான் கணக்கு, ஆஃபர் லெட்டரில் இருந்த சம்பளம் அல்ல. வழக்கமான 401(கே) என்ற ஓய்வுக்கால சேமிப்பில் போட்ட பணம் அந்தக் கட்டத்தில் வராது, அதனால் இங்கேயும் சேராது. டிப்ஸ் சேரும்.

அடுத்து, ஊபர் ஓட்டுவது, வீட்டிலிருந்து கேட்டரிங் செய்வது மாதிரி சொந்தத் தொழில். தொழிலின் வரவு செலவைக் காட்டும் ஷெட்யூல் சி படிவத்தில் செலவெல்லாம் போக நிற்கும் லாபத்தில், சுயதொழில் வரியின் பாதியைக் கழித்தால் வருவதுதான் உங்கள் தொகை. சலுகை கூடட்டும் என்று செலவைக் காட்டாமல் விடுகிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம், எல்லாச் செலவையும் கழித்தே ஆக வேண்டும் என்பது விதி.

மூன்றாவதாக, சேராதவற்றை ஒதுக்குங்கள். வேலை போனபோது அரசு தந்த உதவித்தொகை, சோஷியல் செக்யூரிட்டி, பென்ஷன், பிள்ளைக்காக முன்னாள் துணை தரும் பணம், வட்டி, டிவிடெண்ட் எதுவும் உழைத்த வருமானம் ஆகாது. ஊரில் விட்டு வந்த வீட்டின் வாடகையும் அப்படித்தான்.

இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைக்கும் என்ஆர்இ டெபாசிட்டின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, சரி, ஆனால் அமெரிக்காவில் வசிப்பவராக வரி கட்டுகிறவர் உலகில் எங்கே வட்டி வந்தாலும் காட்ட வேண்டும், அது உழைத்த வருமானத்தில் சேராமல் போவதோடு முதலீட்டு வருமானக் கணக்கிலும் ஏறும், அந்தக் கணக்கு 2024-க்கு 11,600 டாலரைத் தாண்டினால் சலுகை மொத்தமாகப் போய்விடும்.

கடைசியாக, உங்களுக்கும் துணைக்கும் வேலை செய்ய அனுமதியுள்ள சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிறதா பாருங்கள். அந்த எண் பெற முடியாதவர்களுக்கு வரித்துறை தரும் ஐடிஐஎன் எண்ணை வைத்து வாங்க முடியாது.

அப்புறம், போன வருடங்களில் தகுதி இருந்தும் கேட்காமல் விட்டிருந்தால் ஏற்கெனவே போட்ட வரிக் கணக்கைத் திருத்தும் 1040-எக்ஸ் படிவம் போட்டு இப்போதும் கேட்கலாம், பொதுவாக மூன்று வருடத்துக்குள்.