சாவி லேப்டாப்பில் வேண்டாம்: கிட்ஹப்பிலிருந்தே கிளவுடை ஓட்டுவது

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்க கெஸ்ட் ஹவுஸ்களின் புக்கிங் தளங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மே முதல் செப்டம்பர் வரை சீசன். வாடைக்காற்று தொடங்கினால் சர்வர்களில் பாதி சும்மா கிடக்கும். அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் கன்சோலைத் திறந்து ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்லாவற்றையும் டெராஃபார்மில் (என்னென்ன சர்வர் வேண்டும் என்று கோடாக எழுதிவைக்கும் கருவி) எழுதி, ஓட்டும் பொறுப்பை கிட்ஹப்பில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிட்ஹப் ஆக்ஷன்ஸிடம் விட்டிருக்கிறேன்.

முதலில் ஸ்டேட் ஃபைல். டெராஃபார்ம் எதை எதை உருவாக்கியது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் அதில் அப்பட்டமாகக் கிடக்கலாம், ஆகவே கிட்ஹப்பில் கோட் இருக்கும் ரிப்போவில் போடவே கூடாது. ஏடபிள்யூஎஸ்ஸின் ஃபைல் கிடங்கான எஸ்3-இல் ஒரு பக்கெட்டில் வைத்து, பழைய பிரதிகளும் தங்கும்படி வெர்ஷனிங்கை ஆன் செய்யுங்கள். பக்கெட்டை வைக்க மும்பை, சிங்கப்பூர் இரண்டுமே நமக்குக் கிட்டத்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்காமல் பூட்ட முன்பு டைனமோடிபி என்ற ஏடபிள்யூஎஸ் டேட்டாபேஸில் ஒரு டேபிள் தேவைப்பட்டது, டெராஃபார்ம் 1.11 பதிப்பிலிருந்து எஸ்3 பூட்டையே தாராளமாக நம்பலாம்.

அடுத்தது சாவி, அதாவது ஏடபிள்யூஎஸ்ஸுக்குள் நுழைய கிட்ஹப்புக்குக் கொடுக்கும் அனுமதி. இதில்தான் அவசரப்படக் கூடாது. ஆக்சஸ் கீயை கிட்ஹப் சீக்ரெட்ஸில் ஒட்டிவிட்டு வருடக்கணக்கில் மறந்துவிடுவதுதான் பலரின் வழக்கம். அதற்குப் பதில், நிரந்தரச் சாவி இல்லாமல் அடையாளத்தை நிரூபிக்கும் ஓஐடிசி முறையை வையுங்கள்: ஏடபிள்யூஎஸ்ஸில் அனுமதிகளைக் கவனிக்கும் ஐஏஎம்மில் கிட்ஹப்பை ஐடென்டிட்டி புரொவைடராகச் சேர்த்து, அதற்கென ஒரு ரோல் (உரிமைகளின் தொகுப்பு) உருவாக்கினால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்ச நேரமே செல்லுபடியாகும் சாவி கிடைக்கும். அந்த ரோலை யார் எடுக்கலாம் என்று சொல்லும் டிரஸ்ட் பாலிசியில், எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்கும் ‘சப்’ நிபந்தனையில் ரிப்போவின் பெயரையும் மெயின் கிளையையும் முழுதாக எழுதுங்கள். நட்சத்திரக் குறி போட்டுத் தளர்த்தினால் கண்டவரும் உள்ளே வருவார்கள். புல் ரிக்வெஸ்ட்டுக்கு (மெயினில் சேர்க்குமுன் மாற்றத்தைப் பார்வைக்கு வைப்பது) ‘சப்’ வேறு மாதிரி வரும். அதற்கு வாசிக்க மட்டும் உரிமையுள்ள தனி ரோல் கொடுங்கள். ஆக்ஷன்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று எழுதும் வொர்க்ஃப்ளோ ஃபைலில் ஐடி-டோக்கனுக்கு ரைட் அனுமதி இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது.

அப்புறம் ஓட்டம். புல் ரிக்வெஸ்ட் திறந்தால் பிளான் (என்ன மாறும் என்று காட்டுவது மட்டும்), மெயினில் மெர்ஜ் ஆனால் அப்ளை (உண்மையில் மாற்றுவது). சீசன் மாறும்போது சர்வர் எண்ணிக்கை என்ற ஒரு வேரியபிளை மட்டும் திருத்துகிறேன். மெர்ஜ் பண்ணுமுன் பிளானின் கடைசி வரியைப் பாருங்கள். டிஸ்ட்ராய், அதாவது அழிக்கப்படுபவற்றின் எண்ணிக்கை, பூச்சியமாக இல்லாவிட்டால் மேலே போய் எது போகிறது என்று தேடுங்கள். டேட்டாபேஸுக்கு நேரே ‘ரிப்ளேஸ்’ என்றிருந்தால் உடனே நிறுத்துங்கள்: அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறது என்று அர்த்தம். டேட்டாபேஸுக்கு, அழிப்பதைத் தடுக்கும் பிரிவென்ட் டிஸ்ட்ராய் போட்டு வைப்பது எப்போதும் நல்லது.

தினமும் இரவில் தானாக ஒரு பிளான் ஓடட்டும். டிட்டெய்ல்ட் எக்சிட் கோட் கொடி போட்டு ஓட்டினால், மாற்றம் இருக்கும்போது 2 வரும். கோட் அப்படியே இருக்க 2 வந்தால், அநேகமாக யாரோ கன்சோலில் நேரே கை வைத்திருக்கிறார்கள். ஓட்ட நேரத்தைக் குறிக்கும் கிரான் வரி இயல்பாக யூடிசி (உலகப் பொது) நேரம் என்பதால் 5:30 மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். நம் இரவு 10:40 அங்கே 17:10. சரியாக மணி அடிக்கும் நேரத்தில் வைக்காதீர்கள், கிட்ஹப்பில் நெரிசலாகித் தாமதமாகும். ரிப்போ பப்ளிக்காக இருந்தால் 60 நாள் அசைவில்லாதபோது ஷெட்யூலை கிட்ஹப்பே நிறுத்திவிடும். வாடை மாதங்களில் யார் கமிட் பண்ணப் போகிறார்கள்? பிரைவேட்டாக வைத்துவிடுங்கள்.