நாப்பதுக்கு மேல எம்.ஏ. சேரணுமா, மொதல்ல பீரோவத் தொறங்க

பி.ஏ. முடிச்சு இருவத்திமூணு வருஷம் கழிச்சு எம்.ஏ. ஹிஸ்டரி சேந்தேன், அப்ப எனக்கு வயசு 45. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு வத்தல் மண்டில கணக்கு பாக்குற வேலை, வீடு வில்லாபுரம், ரெண்டு புள்ளைக. ஒரு வழியா முடிச்சாச்சு. முடிச்சதுலருந்து தெருவுல, மண்டில, கல்யாண வீட்டுல யாராவது ஒருத்தர் ஓரமாக் கூட்டிட்டுப் போயி "அக்கா நானும் சேரலாம்னு இருக்கேன், இந்த வயசுல மண்டைல ஏறுமா"ன்னு கேக்குறாங்க. ஏறும்ங்க. மண்டைல ஏறாம பாதில நின்னவங்கள நான் பாக்கவே இல்ல, நின்னவங்க எல்லாரும் சர்ட்டிபிகேட்லயோ நேரத்துலயோ எழுதுற கைலயோதான் நின்னாங்க. அதனால அந்த மூணப் பத்தி மட்டும் வெவரமா எழுதுறேன்.

மொதல்ல ஃபீஸ் கட்டாதீங்க, பீரோவத் தொறங்க. பத்தாவது, பன்னெண்டாவது மார்க் ஷீட், டிகிரில எல்லா வருஷத்து மார்க் ஷீட்டு, ப்ரொவிஷனல், கான்வொகேஷன் சர்ட்டிபிகேட், டிசி. இதுல எது இருக்கு எது இல்லன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. நம்ம செட்டுல பாதிப் பேரு ப்ரொவிஷனலோட நின்னுருப்போம், கான்வொகேஷன் சர்ட்டிபிகேட்டு வாங்கியே இருக்க மாட்டோம், நான் அப்படித்தான். படிச்ச காலேஜுக்குப் போயி கேட்டா அங்க இருந்தவரு பழைய ரெக்கார்டு மாடில இருக்கு அடுத்த வாரம் வாங்கன்னாரு, அந்த அடுத்த வாரம் நாலு தடவ வந்துச்சு. அட்மிஷன் கடைசி தேதிக்கு மூணு மாசம் முன்னாடியே இந்த வேலைய ஆரம்பிங்கன்னு சொல்றது அதனாலதான். மார்க் ஷீட்டே தொலஞ்சு போச்சுன்னா தமிழ்நாடு போலீஸ் வெப்சைட்ல லாஸ்ட் டாக்குமென்ட் ரிப்போர்ட் எடுக்கலாம், ஆனா டூப்ளிகேட் குடுக்க அது மட்டும் போதுமா வேற சான்றும் வேணுமான்னு உங்க யுனிவர்சிட்டி பரீட்சை செக்‌ஷன்ல கேட்டுட்டு அலைங்க, கேக்காம அலைஞ்சா ரெட்டை அலைச்சல்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோயில் பக்கம் 1990க்கு முன்னாடி படிச்சவங்களுக்கு ஒரு வார்த்தை. மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி 1990ல தான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்தக் காலேஜெல்லாம் மதுரை காமராசர் யுனிவர்சிட்டிக்குக் கீழதான், அதனால உங்க சர்ட்டிபிகேட்டத் தேடி நாகமலைப் புதுக்கோட்டை தாண்டி பல்கலை நகருக்குத்தான் வரணும்.

அடுத்தது பேரு. பொம்பளைங்களுக்கு இது பெரிய தலைவலி. சர்ட்டிபிகேட்ல அப்பா இனிஷியலோட "மா. செல்வி"ன்னு இருக்கும், ஆதார்ல வீட்டுக்காரர் பேரச் சேத்து "செல்வி முருகன்"னு இருக்கும், பேங்க் புக்குல மூணாவதா ஒண்ணு இருக்கும். முன்னாடியெல்லாம் ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தா சமாளிச்சுரலாம், இப்ப அப்படி இல்ல. 2024லருந்து தொலைதூரக் கல்வில சேர டிஇபி ஐடி வேணும் (டிஇபின்னா யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவோட தொலைதூரக் கல்விப் பிரிவு), அதுக்கு ஏபிசி ஐடி வேணும் (படிப்புல வாங்குற கிரெடிட்ட சேத்து வைக்கிற கணக்கு நம்பர்), அது டிஜிலாக்கர்ல ஆதார வச்சு எடுக்குறது, ஆக ஆதார்ல பேரு எப்படி இருக்கோ அப்படித்தான் எல்லாத்துலயும் போயி உக்காரும். அவசரப்பட்டு ஆதார மாத்தவும் ஓடாதீங்க, ஆதார்ல பேர வாழ்நாள்ல ரெண்டு தடவதான் மாத்த முடியும், ஒரு தடவ ஏற்கனவே கல்யாணத்தப்ப மாத்திருப்பீங்க. டிகிரி சர்ட்டிபிகேட்ல எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி ஆதார்ல கொண்டு வந்துட்டு அப்பறம் அப்ளை பண்ணுங்க. பேரே வேறன்னா கெசட்ல, அதான் அரசிதழ்ல, போடணும், அதுக்குத் தனியா நாள் ஒதுக்குங்க.

இன்னொண்ணு, பன்னெண்டாவது படிக்காம நேரா ஓப்பன் யுனிவர்சிட்டில டிகிரி வாங்குனவங்க. தமிழ்நாட்டு அரசு வேலைக்கோ ப்ரமோஷனுக்கோன்னா 10+2+3ன்னு வரிசையாப் படிச்சிருக்கணும். ஆசைக்குப் படிக்கிறீங்கன்னா பிரச்சன இல்ல, ப்ரமோஷன நம்பிப் படிக்கிறீங்கன்னா மொதல்ல இதத் தீத்துக்கோங்க. வாத்தியார் வேலைல இருக்கவங்க சேம் மேஜரா க்ராஸ் மேஜரான்னும் பாக்கணும், பி.ஏ. ஒண்ணு எம்.ஏ. ஒண்ணுன்னு இருந்தா பி.ஜி. டீச்சர் ப்ரமோஷன்ல இடிக்கும். கவர்மென்ட் வேலைல இருந்தா ஆபீஸ்ல எழுத்துல அனுமதி வாங்கிட்டு சேருங்க, படிச்சு முடிச்சுட்டு வந்து எஸ்.ஆர்.ல, அதான் பணிப் பதிவேட்டுல, ஏத்துங்கன்னா யாரும் ஏத்த மாட்டாங்க.

சரி, தெனம் காலேஜுக்குப் போற ரெகுலரா, தொலைதூரக் கல்வி கரஸ்ஸா. இதுக்கு ஆசைய வச்சு முடிவு பண்ணாதீங்க, பஸ்ஸ வச்சு முடிவு பண்ணுங்க. எங்க மதினி 43 வயசுல ரெகுலர்ல சேந்தாங்க, ஊருக்குள்ளயே காலேஜு, டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கெடையாது, காலைல போயி மத்தியானம் வந்துருவாங்க, அவங்களுக்கு வேலைன்னு வெளிய எதும் இல்ல அதனால சரிப்பட்டு வந்துச்சு. மதுரைல காலேஜுக்குப் பஞ்சமில்ல, கோரிப்பாளையத்துல இருக்க அமெரிக்கன் காலேஜ் 1881ல ஆரம்பிச்சது, மதுரா காலேஜ் 1889, பொம்பளைங்களுக்குன்னா லேடி டோக், பாத்திமா, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரின்னு இருக்கு. ஆனா ரெகுலர்னா அட்டென்டன்ஸ் 75 சதவீதம், அது மண்டி மொதலாளிக்கும் மாமியாருக்கும் தெரியாது. மாமனார ஆஸ்பத்திரில சேத்தாலும் ஆப்சென்ட் ஆப்சென்ட்தான்.

வேலைக்குப் போறவங்களுக்கு கரஸ்தான், அதுல ஒண்ணும் கொறச்சல் இல்ல, அனுமதி வாங்குன எடத்துல படிச்சா தொலைதூர டிகிரியும் ரெகுலர் டிகிரியும் சமம்னு யூஜிசியே 2022ல சொல்லிருச்சு. இதுல முக்கியம் அந்த அனுமதிதான். யுனிவர்சிட்டிக்கு அனுமதி இருந்தாப் போதாது, நீங்க சேர்ற அந்தப் பாடத்துக்கு அந்த வருஷத்துக்கு இருக்கான்னு யூஜிசியோட டிஇபி வெப்சைட்ல பாக்கணும், போன வருஷம் அக்கா பொண்ணு அங்கதான் படிச்சான்னு போயி சேராதீங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம் போர்டு மாட்டிட்டு "ஒரே வருஷத்துல எம்.ஏ."ன்னு கூப்புடுறவங்ககிட்ட போகவே போகாதீங்க, என் கூட வேல பாத்த ஒருத்தர் அப்படி ஒரு எடத்துல பணத்தக் கட்டிட்டு இன்னும் அந்த பேப்பர வச்சு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்காரு. நர்ஸிங், பிசியோதெரபி, சட்டம் இதெல்லாம் தொலைதூரத்துல கெடையவே கெடையாது, யாராச்சும் தர்றேன்னா எந்திரிச்சு வந்துருங்க.

இக்னோவுக்கு, அதான் இந்திரா காந்தி ஓப்பன் யுனிவர்சிட்டிக்கு, மதுரையிலேயே ரீஜினல் சென்டர் இருக்கு, ஜனவரி ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு தடவ அட்மிஷன். ரெண்டு வருஷ எம்.ஏ.வ நாலு வருஷம் வரைக்கும் இழுத்துக்கலாம், நம்மள மாதிரி ஆளுகளுக்கு அது பெரிய வசதி. அசைன்மென்ட்டுக்கு 30, பரீட்சைக்கு 70ன்னு கணக்கு, பாஸாக 40, நம்ம ஊரு காலேஜுன்னா எம்.ஏ.ல பாஸ் மார்க் 50. ஆனா அங்க எல்லாத்துக்கும் நம்மதான் ஞாபகம் வச்சுக்கணும், ரெண்டாம் வருஷத்துக்கு ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் தனி, பரீட்சை ஃபார்ம் தனி, மறந்தா யாரும் போன் போட்டு சொல்ல மாட்டாங்க. தமிழ்ல பாடம் வேணும்னா தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்க, 2002லருந்து இருக்கு.

பரீட்சை எந்த மாசம்னு பாத்துட்டு சேருங்க. இத நான் பாக்கல. ராம்நாடு பக்கத்துலருந்து புது வத்தல் மாசி பங்குனில மண்டிக்கு வந்து எறங்கும், அப்ப தலைக்கு மேல வேல, மொதப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரம் பூராம் மூட்டை எண்ணிட்டு இருந்தேன், ஒரு பேப்பர் போயிருச்சு. ஏப்ரல் பரீட்சைன்னா கூடவே சித்திரைத் திருவிழா, வீடு பூராம் விருந்தாளி, அழகர் எறங்குற அன்னிக்கு ஊருக்குள்ள ஒரு எடத்துக்கும் போக முடியாது. உங்க தொழில்ல, உங்க வீட்டுல எந்த மாசம் மூச்சு முட்டும்னு உங்களுக்குத்தான் தெரியும், அந்த மாசத்துல பேப்பர் கொறச்சு எழுதுங்க.

நேரம் எங்கருந்து வரும்னா, எதையாச்சும் விட்டாத்தான் வரும். நான் சாயங்காலம் சீரியல விட்டேன், அது சுலபம். விசேஷ வீடுகளத்தான் விட முடியல, மொய் வச்சுட்டு பந்திக்குக் கூட நிக்காம வந்துருவேன், சொந்தத்துல ஒரு வருஷம் பேசுனாங்க அப்பறம் பழகிட்டாங்க. சிலரு வெள்ளென நாலு மணிக்கு எந்திரிச்சுப் படிங்கன்னு சொல்லுவாங்க, எனக்கு அது ஆகல, ஒம்பது மணி ஆனா கண்ணு சொருகும். வீட்டுல உக்காந்தா குக்கர் விசில் எண்ணச் சொல்லுவாங்க. எனக்கு ஞாயித்துக்கெழம காலைலதான் சரிப்பட்டுச்சு, நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் நான் படிச்சிட்டு இருக்கும்போதுதான் 2023 ஜூலைல தொறந்தாங்க, ஏசில உக்காந்து சொந்தப் புக்கையும் படிக்கலாம், சுத்தி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற புள்ளைக உக்காந்துருக்கும், அதுகளப் பாத்தா நமக்கும் போன எடுக்கக் கூச்சமா இருக்கும்.

இப்ப கை. இத யாரும் சொல்ல மாட்டாங்க, எனக்கும் யாரும் சொல்லல. மண்டில கம்ப்யூட்டர்ல கணக்கு போடுற டேலி வந்ததுலருந்து நான் பேனா புடிச்சதே செக்கு எழுதவும் மொய் கவர்ல பேரு எழுதவும்தான். மொதப் பரீட்சைல ஒரு மணி நேரம் எழுதுனதும் கட்டை விரலு மரத்துப் போச்சு, ரெண்டாவது மணி நேரத்துல என் எழுத்து எனக்கே புரியல, தெரிஞ்ச கேள்வி ரெண்ட விட்டுட்டு வந்தேன். வெளிய வந்து பாத்தா அழுகல, கோவம்தான் வந்துச்சு, பதில் மண்டைல இருக்கு கை வரமாட்டேங்குது. அதுக்கப்பறம் பரீட்சைக்கு ரெண்டு மாசம் முன்னாடியே தெனம் ஒரு பக்கம்னு ஆரம்பிச்சேன், ஒரு வாரத்துல ரெண்டு பக்கம், அப்பறம் அர மணி நேரம், கடைசி ரெண்டு ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம் கடிகாரத்த வச்சு பழைய கேள்வித்தாள எழுதிப் பாத்தேன். படிக்கிறத எழுதியே படிங்க, ரெண்டு வேலையும் முடியும். அழுத்தி எழுதணும்னு இல்லாத பேனாவா ரெண்டு மூணு வாங்கி ஓட்டிப் பாத்து ஒண்ணப் புடிச்சுக்கோங்க, பரீட்சை அன்னிக்குப் புதுப் பேனா வேண்டாம். கண்ணாடியும் அப்படித்தான், கிளாஸுக்குப் போறவங்க போர்டையும் நோட்டையும் மாத்தி மாத்திப் பாக்கணும், படிக்கிற கண்ணாடி மட்டும் வச்சுட்டுப் போனா போர்டு புகைமூட்டமா இருக்கும், சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ கண்ணக் காட்டிருங்க.

கூடப் படிக்கிற புள்ளைக மொத வாரம் மேடம்னு எந்திரிச்சு நிக்கும், ரெண்டாவது வாரம் ஆன்ட்டி, ஒரு மாசத்துல அக்கா ஆயிரும். பாடம் எடுக்குறவரு நம்மளவிட பத்து வயசு சின்னவரா இருந்தாலும் சார் சார்தான், தம்பின்னு வாய்ல வந்துறக் கூடாது, எனக்கு ஒரு தடவ வந்துருச்சு, அவரு சிரிச்சுட்டாரு.

ப்ராஜெக்ட் வந்தா தூரமாப் போகாதீங்க, வயசானவங்களுக்கு இங்கதான் லாபம். சின்னப் புள்ளைக தலைப்புக்கு நெட்டுல தேடும், நமக்கு இருவது வருஷப் பொழப்பே தலைப்புதான். ஹிஸ்டரின்னா எல்லாரும் கீழடின்னு ஓடுனாங்க, 2023ல அங்க மியூசியம் வேற தொறந்துட்டாங்க. நான் எங்க மண்டி பரண்ல கெடந்த பழைய நாள்வழியையும் பேரேட்டையும் எடுத்தேன், எந்த ஊருலருந்து சரக்கு வந்துச்சு, வண்டி வாடகை என்ன, கமிஷன் எவ்வளவுன்னு எல்லாம் அதுல இருக்கு, அதுல எழுதியிருக்க குறியெல்லாம் எனக்குப் புரியும் கைடுக்குப் புரியல, நான்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். மொதலாளிகிட்ட முன்னாடியே எழுத்துல சம்மதம் வாங்கிக்கோங்க, பாதில வேணாம்னு சொல்லிட்டா ஆறு மாச வேல போச்சு.

பணத்துக்கு லோன் போடாதீங்கம்பேன், மாசம் மாசம் ஒரு சீட்டு கட்டுனாலே இந்த ஃபீஸு வந்துரும். மீறி எஜுகேஷன் லோன் எடுத்தா வட்டிக்கு வருமான வரில கழிவு நம்ம படிப்புக்கும் உண்டு, பழைய வரி முறைல இருக்கவங்களுக்கு.

ரிசல்ட் வந்து பாஸ்னு பாத்ததும் ஸ்வீட் வாங்கிட்டு அப்படியே இருந்துறாதீங்க, இந்தத் தடவ கான்வொகேஷனுக்கு அப்பவே ஃபார்ம் போட்டுருங்க. சர்ட்டிபிகேட்டு கைக்கு வந்ததும் வீட்டுல யாராச்சும் பாசமா லேமினேஷன் கடைக்குத் தூக்கிட்டு ஓடுவாங்க, விடாதீங்க, பின்னாடி சீல் வைக்கவோ சரிபாக்கவோ போனா லேமினேட் பண்ணத வாங்க மாட்டேன்னு சொல்ற எடங்க இருக்கு. நாலு ஜெராக்ஸ் எடுத்துட்டு பிளாஸ்டிக் ஃபைல்ல போட்டு அதே பீரோவுல, பத்தாவது மார்க் ஷீட்டு பக்கத்துலயே வைங்க.