மூச்சுக் கருவியோடு உறங்கப் பழகுதல்: வடசென்னை வீடுகளுக்கான வழிமுறைகள்

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுவதால், பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்று, திணறலோடு மீண்டும் தொடங்குவதுதான் ஸ்லீப் ஆப்னியா. மூச்சு நிற்பதும் குறைவதுமாக ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 முறை நேர்ந்தால் லேசானது என்றும், 30 முறைக்கு எட்டினால் கடுமையானது என்றும் உறக்கத்தில் மூச்சைப் பதிவுசெய்து பார்க்கும் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையில் குறிப்பிடுவார்கள். இதற்காக, மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தும் சி-பேப் (CPAP) கருவியை மருத்துவர் சொன்னபடி வாங்கி வந்தவர்களில் பலர், சில இரவுகளிலேயே சலித்துப்போய் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தச் சலிப்புக்குக் காரணமான தொல்லைகள் பெரும்பாலும் மாஸ்க்கில்தான் தொடங்குகின்றன. அவற்றுக்கு வழியும் உண்டு.

முதலில் வீட்டாருக்கு விளக்கிவிடுங்கள். மாஸ்க்கைப் பார்த்ததும் "ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டதா" என்று பதறுபவர்கள் உண்டு. இந்தக் கருவி ஆக்சிஜன் தருவதில்லை. அறையிலுள்ள காற்றையே சீரான அழுத்தத்தில் செலுத்தி, தொண்டை அடைபடாமல் திறந்து வைக்கிறது. ஒரே அறையில் குடும்பமே உறங்கும் வண்ணாரப்பேட்டை, காசிமேடு வீடுகளில், கருவியின் மெல்லிய இரைச்சல் முன்பிருந்த குறட்டையைவிட எவ்வளவோ தேவலை என்பதை வீட்டாரே விரைவில் உணர்ந்துகொள்வார்கள்.

இரவில்தான் முதன்முதலாக மாஸ்க்கை மாட்ட வேண்டும் என்பதில்லை. மாலையில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் கருவியை ஓடவிட்டு, மூக்கால் நிதானமாக மூச்சு விட்டுப் பழகுங்கள். மூச்சு முட்டுவதாகத் தோன்றினால், அழுத்தத்தைக் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தும் 'ராம்ப்' வசதியை இயக்கலாம். அழுத்தத்தின் அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

மாஸ்க்கை உட்கார்ந்தபடி பொருத்தினால் படுத்ததும் காற்று கசியும், ஏனெனில் படுக்கும்போது கன்னத்துச் சதையின் அமைப்பே மாறிவிடுகிறது. ஆகவே படுத்து, கருவியை ஓடவிட்டு, மாஸ்க்கைச் சற்று முன்னால் இழுத்து, அதன் சிலிக்கான் விளிம்பு காற்றால் உப்பியதும் மெதுவாக முகத்தில் அமரவிடுங்கள். அதன்பின் பட்டைகளை இரு பக்கமும் ஒரே அளவில் இழுங்கள். கசிகிறதே என்று பட்டையை மேலும் மேலும் இறுக்குவதுதான் மூக்குத்தண்டில் புண் வரக் காரணம். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் பட்டை வழுக்கும், முகத்து எண்ணெய்ப் பசையால் சிலிக்கானும் கெடும் என்பதால், எண்ணெய் வைப்பதைக் காலைக்கு மாற்றிக்கொண்டு, படுக்குமுன் சோப்பால் முகம் கழுவுங்கள். இவ்வளவு செய்தும் கசிந்தால் மாஸ்க்கின் அளவோ வகையோ உங்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். தயங்காமல் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். காலையில் வாய் உலர்ந்திருந்தால் வாய் வழியே காற்று வெளியேறுகிறது. மூக்கடைப்புக்குச் சிகிச்சை பெற்றும் அது தொடர்ந்தால், மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க் உதவும்.

எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையோர வீடுகளில், துடைத்த ஜன்னல் விளிம்பு மறுநாளே கறுத்துப்போவதைக் காணலாம். கருவி இழுப்பதும் அதே காற்றைத்தான். எனவே கருவியின் கையேடு சொல்லும் கெடுவுக்குக் காத்திராமல், ஃபில்டரை வாரந்தோறும் எடுத்துப் பார்த்து, சாம்பல் நிறமானதும் மாற்றிவிடுங்கள். கொசுவத்திச் சுருளைக் கருவியின் அருகில் ஏற்றாதீர்கள், கொசுவலையே நல்லது. பாயில் படுப்பவர்கள் கருவியைத் தரையில் வைக்காமல் தாழ்வான பலகையில் வைக்கலாம், ஆனால் அது தலைமட்டத்துக்கு மேலே போகக் கூடாது. போனால் ட்யூபில் தேங்கும் நீர் மூக்குக்கு வந்துவிடும். காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரில் குழாய்த் தண்ணீரையோ கேன் தண்ணீரையோ ஊற்றாமல், காய்ச்சி வடித்த நீரை மருந்துக்கடையில் வாங்கி ஊற்றி, மிச்சத்தைத் தினமும் காலையில் கொட்டிவிடுங்கள். ஏ.சி. இல்லாத அறைக்கு நம் கடலோரக் காற்றின் ஈரமே பெரும்பாலும் போதும்.

மின்தடை வந்தால் அஞ்ச வேண்டாம். மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் இருக்கின்றன. அவற்றை ஒருபோதும் அடைக்காமல், கருவி நின்றதும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுங்கள். இன்வர்ட்டர் வைத்திருப்பவர்கள் ஹியூமிடிஃபையரை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும், ஏனெனில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது நீரைச் சூடாக்கும் அந்தத் தட்டுதான்.

பழைய கருவியை மலிவாக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒலியைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைவதாகக் கூறி, பிலிப்ஸ் நிறுவனம் 2021இல் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. மாடலையும் வரிசை எண்ணையும் சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இரவில் குறைந்தது நான்கு மணி நேரமாவது பயன்படுத்துவதை முதல் இலக்காக வைத்து, பிறகு உறங்கும் நேரம் முழுவதற்கும் நீட்டுங்கள். மது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும் என்பதால் அதை விட்டுவிடுவதே நல்லது. துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்: பகலில் கண் சொருகுவது நிற்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். ஒழுங்காகப் பயன்படுத்தியும் அசதி தீரவில்லையென்றால், கருவியின் மெமரி கார்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். கசிவும் மூச்சுத்தடையும் எந்தெந்த இரவில் எவ்வளவு என்பது அதில் பதிவாகியிருக்கும்.