கடற்கரை வேட்டை வண்டுகள்: தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

உப்புக் காற்றும் கொதிக்கும் மணலுமாக இருக்கிற இடத்தில் வண்டுக்கு என்ன வேலை என்று நினைப்பதுதான் முதல் தவறு. வேலை வேட்டைதான். புலி வண்டு, தரை வண்டு, ரோவ் வண்டு எனப் பல கூட்டங்கள் கரையைப் பங்கு போட்டுக்கொண்டு இரை பிடிக்கின்றன. அவை நம் கண்ணில் படாமல் போவது பெரும்பாலும் நம் பார்வைக் கோளாறு.

ஈர மணலில் ஏதோ ஒன்று விருட்டென்று ஓடி, நின்று, மறுபடி ஓடும். ஈ என்று விட்டுவிடுவார்கள். கொஞ்சம் உற்றுப் பார்ப்பவர்கள்கூடத் தயங்கித் தயங்கிப் போகிறது என்பார்கள். அது தயக்கம் இல்லை. புலி வண்டு முழு வேகத்தில் ஓடும்போது அதன் கண்ணில் போதிய ஒளி சேர்வதில்லை. இரையின் உருவம் கலங்கிப் போகிறது. நின்றால்தான் இரை எங்கே என்று தெரியும். ஓடுகிற நேரத்தில் எதிலும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, உணர்கொம்புகள் இரண்டையும் விறைப்பாக முன்னே நீட்டியிருக்கும். துரத்தினால் எழும்பிப் பறந்து சிறிது தூரம் தள்ளி இறங்கும். பின்னாலேயே போய் மூச்சு வாங்காதீர்கள். உட்கார்ந்துவிடுங்கள், சற்று நேரத்தில் அது தன் வேலையைத் தொடங்கிவிடும்.

மணலில் தெரியும் ஓட்டை எல்லாம் நண்டு வளை என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. நண்டு தோண்டினால் வாசலில் மண்ணை வாரி இறைத்திருக்கும். பென்சிலால் குத்தியதுபோல வட்டமாக, விளிம்பு சுத்தமாக ஒரு துளை இருந்தால் அங்கே குனியுங்கள். உள்ளே புலி வண்டின் புழு செங்குத்தாக நிற்கிறது. அதன் தட்டையான தலைதான் வளைக்கு மூடி. எறும்போ சிறு பூச்சியோ அருகே வந்தால் பின்பக்கமாக வளைந்து பாய்ந்து தாடையால் கவ்விவிடும். இரை திமிறி இழுத்தாலும் புழு வெளியே வராது. முதுகுத் திமிலில் உள்ள கொக்கிகள் வளைச் சுவரைப் பற்றியிருக்கும். உங்கள் நிழல் விழுந்ததும் தலை உள்ளே போய்விடும், வெறும் ஓட்டைதான் மிஞ்சும். அது காலி வளை என்று முடிவுகட்டிப் போய்விடுகிறார்கள்!

அந்தப் புழு வளையிலேயே கிடக்கும் என்பதும் சரியில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலுள்ள கம்பர்லாந்து தீவுக் கரையில், வெளியே அகப்பட்ட புழுக்கள் எம்பிக் குதித்து, உடலைச் சக்கரமாகச் சுருட்டி, காற்றின் தள்ளலில் உருண்டே தப்பிப்பதை 2011இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இரவில் போகாமல் பகலில் மட்டும் தேடினால் பாதிக் கூட்டம் தவறிப்போகும். கலிபோர்னியக் கரையில் தினோபினஸ் என்ற பறக்க முடியாத ரோவ் வண்டு இருட்டிய பிறகுதான் மணல் தத்திகளை, அதாவது மணலில் துள்ளும் இறால் வகைச் சிற்றுயிர்களை, பிடிக்க வெளியே வரும். ரோவ் வண்டின் முன்சிறகு குட்டை, வயிறு நீளம். வண்டு என்றே பலருக்குத் தோன்றாது. இன்னொன்று: கரையில் காணும் ரோவ் வண்டு எல்லாம் வேட்டைக்காரன் இல்லை. ஈர மணலில் வளை தோண்டும் பிளீடியஸ் பாசியைத் தின்பது. அதன் வளைக்குள்ளேயே நுழைந்து அதைத் தின்னும் டிஸ்கீரியஸ் என்ற ஒல்லியான தரை வண்டுதான் அங்கே வேட்டைக்காரன்.

கரை ஒதுங்கிய பாசிக் குவியலைக் குப்பை என்று இயந்திரம் வைத்து வாரிவிடுவதுதான் எனக்கு ஆத்திரம் மூட்டுவது. அங்கேதான் ஈயின் புழுக்களும் மணல் தத்திகளும், அவற்றைத் தின்னும் வண்டுகளும் இருக்கின்றன. மணலில் வண்டி ஓட்டுவதும் இதே கணக்குதான். அமெரிக்காவின் வடகிழக்குக் கரைப் புலி வண்டு புழுவாகவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மணலுக்குள் இருக்கும். சக்கரம் ஏறினால் வளையோடு போயிற்று. 1990இல் அதை அச்சுறுத்தலுக்குள்ளான இனமாக அந்நாட்டு அரசு அறிவித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒதுங்கிய மரக்கட்டையைப் புரட்டிப் பார்ப்பதில் தவறில்லை. பிரிட்டனின் சில கரைகளில், வெளிறிய மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட தரை வண்டுகள் பகல் முழுக்க அப்படித்தான் அடியில் ஒண்டிக் கிடக்கின்றன. ஆனால் பார்த்த பிறகு கட்டையை அதே பள்ளத்தில், ஈரப் பக்கம் கீழே இருக்கும்படி மெதுவாகத் திரும்ப வையுங்கள்.