நாற்பதைத் தாண்டியபின் எடை குறைக்க எட்டக்கூடிய இலக்கு வைப்பது எப்படி?

நாற்பது, ஐம்பது வயதில் இருக்கும் ஒருவரிடம் "எத்தனை கிலோ குறைக்கணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "கல்யாணத்தப்போ அம்பத்திரண்டு கிலோ இருந்தேன், அதுக்கு வந்துரணும்". இப்போதைய எடை 74. அப்படியென்றால் 22 கிலோ போகணும், அதுவும் அடுத்த மாதம் வரப்போகிற காதுகுத்துக்கு முன்னால். இப்படித் தொடங்குபவர்கள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டு, தலை சுற்றி, மூன்றாவது வாரத்தில் மெஷினில் ஒன்றரைக் கிலோ மட்டும் இறங்கியிருப்பதைப் பார்த்து மனசு விட்டுவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். அவர்களுக்கு மன உறுதி குறைவில்லை, ஒன்றரைக் கிலோ என்பது உண்மையில் நல்ல முடிவு, ஆரம்பத்தில் போட்ட கணக்குதான் தப்பு. அந்தக் கணக்கை எப்படிச் சரியாகப் போடுவது என்பதை ஒவ்வொரு படியாக எழுதுகிறேன். ஒரு நோட்டு, எடை மெஷின், தையல்காரர் வைத்திருக்கும் இன்ச் டேப், இவை போதும்.

படி 1: இன்றைய எண்களை எழுதுங்கள்

காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, காபி குடிப்பதற்கு முன்னால் எடை பாருங்கள். அப்புறம் உயரம். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ வரும், உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண் அது. உதாரணத்துக்கு 46 வயது, 156 செ.மீ. உயரம், 74 கிலோ எடையுள்ள ஒரு அக்காவை வைத்துக்கொள்வோம், கடைசி வரை இவர் கணக்கையே போடலாம். 74-ஐ 1.56-ஆல் இரண்டு முறை வகுத்தால் 30.4. நம் ஊர் உடம்புக்கு 23-க்கு மேல் போனால் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்பது இந்திய மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். சில செயலிகளும் பழைய சார்ட்டுகளும் 25 வரை "நார்மல்" என்று காட்டும், அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வயிற்றுச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை சாதாரணமாக வெளியே விட்டபின் டேப்பைச் சுற்றுங்கள். சேலையோ வேட்டியோ கட்டுகிற இடத்தில் அளந்தால் எண் மாறிவிடும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ., அதற்கு மேல் போனால் சர்க்கரை, பிரஷர், இதய நோய்க்கான ஆபத்து கூடுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுக்கு மாறுகிறது, அதனால்தான் எடை கூடாமலே ரவிக்கையும் பாவாடை நாடாவும் இறுக்கமாகின்றன.

பிஎம்ஐ 23-க்குள், வயிறும் அளவுக்குள் என்றால் நீங்கள் குறைக்க வேண்டியதே இல்லை. இந்த எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்கள் இலக்கு.

படி 2: மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எடை குறையக் குறைய மாத்திரை அளவையும் மாற்ற வேண்டி வரலாம். தைராய்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூட்டுவலிக்கு ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தால் அதுவே எடையை ஏற்றும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தக்கூடாது. பெரியாஸ்பத்திரி வரை போக முடியாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் பிரஷரும் பார்த்துக்கொள்ளலாம்.

படி 3: இலக்கை 5 சதவீதத்திலிருந்து போடுங்கள்

கல்யாண எடையை நோட்டில் எழுதவே வேண்டாம். இன்றைய எடையில் 5 சதவீதம் எவ்வளவு என்று பாருங்கள். நம் அக்காவுக்கு 74-இல் 5 சதவீதம் 3.7 கிலோ. முதல் இலக்கு 70.3, சரி, 70 என்று வைத்துக்கொள்ளட்டும்.

"நாலு கிலோ குறைச்சு என்ன ஆகப்போகுது?" என்று வீட்டில் கேட்பார்கள். நிறையவே ஆகும். 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பிரஷர், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்குகின்றன. அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், சர்க்கரை நோயின் எல்லையில் இருந்தவர்களுக்கு வைத்த இலக்கே 7 சதவீதம் எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும்தான். அதில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது சென்னையில் 35 முதல் 55 வயதுக்காரர்களை வைத்து நடத்தி 2006-இல் வெளியான ஆய்வு. அதில் சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை, ஆனாலும் சர்க்கரை நோய் வருவது 28 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. மெஷினில் முள் நகராத வாரங்களில் இதை நினைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

படி 4: காலத்தை நம் காலண்டரை வைத்துப் போடுங்கள்

16 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் கழிந்ததும் தொடங்கினால் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஏறக்குறைய இந்தக் காலம் முடியும். ஆனால் நடுவில் தை, மாசி, பங்குனி முகூர்த்தங்கள், குலதெய்வக் கோயில் கிடாவெட்டு, ஊர்ப் பொங்கல் எல்லாம் இருக்கின்றன, சொந்தக்காரர் வீட்டு விருந்தில் இலை முன் உட்கார்ந்துகொண்டு வேண்டாம் என்று சொல்ல நம்மால் முடியாது, சொல்லவும் வேண்டாம். அதனால் 16 வாரத்தில் 12 வாரத்தை மட்டுமே குறையும் வாரமாக எண்ணுங்கள். மீதி 4 வாரம் எடை ஏறாமல் நின்றால் போதும். வீட்டுக்கு வந்த அழைப்புப் பத்திரிகைகளைப் பார்த்து அந்த நாலு வாரத்தை முன்பே நோட்டில் குறித்துவிடுங்கள்.

12 வாரத்தில் 3.7 கிலோ என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 300 கிராம். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். இந்த வயதில் நிற்கிற எடைக் குறைப்பு இப்படித்தான் வருகிறது.

படி 5: 300 கிராமை அன்றாட வேலையாக மாற்றுங்கள்

ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. வாரம் 300 கிராம் என்றால் நாளுக்கு 330 கலோரி போல குறைய வேண்டும். பட்டினி கிடக்காமல் இதை எங்கிருந்து எடுப்பது?

டீயிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி என்றால் 40 கிராம், 160 கலோரி. ஒரு ஸ்பூனாக்கினால் 80 மிச்சம். அடுத்தது எண்ணெய், இங்கேதான் நம் சமையலில் பெரிய கணக்கு ஒளிந்திருக்கிறது. நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் செலவானால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 270 கலோரி எண்ணெயில் மட்டும் போகிறது. ஒவ்வொரு பொரியலிலும் ஸ்பூனை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், மளிகைச் சீட்டில் இரண்டரை லிட்டர் என்று எழுதிக் கொடுங்கள், அந்த மாதம் அதற்குள் முடிக்கணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 100 கலோரி குறைந்துவிடும், வீட்டில் எல்லோருக்கும் நல்லது. ராத்திரி ஒரு இட்லி குறைத்தால் 50, 60.

மீதி நடை. மதுரைத் தெப்பக்குளத்தை ஒரு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், வேகமாக இரண்டு சுற்று போனால் அரை மணி நேரம். நம் அக்கா எடைக்கு இதில் 90 கலோரி போல செலவாகும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கண்மாய்க் கரை இருக்கிறது, வெளியே போகக் கூச்சமாக இருந்தால் மொட்டை மாடியே போதும். பங்குனி, சித்திரை வெயிலில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கூட்டிப் பாருங்கள், 330 வந்துவிட்டது. கடைப் பரோட்டாவும் ஜிகர்தண்டாவும் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அவற்றை நிறுத்தச் சொல்ல மாட்டேன், வாரம் இரண்டு என்றால் ஒன்றாக்குங்கள்.

படி 6: தசைக்கும் ஒரு இலக்கு

"வயசாயிருச்சு, மெட்டபாலிசம் போயிருச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. உடம்பின் அளவுக்கும் தசைக்கும் ஏற்பச் சரிசெய்து பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வரை உடல் செலவழிக்கும் சக்தி கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. உண்மையில் கரைவது தசை, முப்பதுக்குப் பிறகு பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் தசை இன்னும் வேகமாகப் போகும்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்து உடம்பைத் தள்ளுவது பத்து முறை, இரண்டையும் இரண்டு சுற்று. இன்னும் ஒரு இட்லியைக் குறைத்து அதற்குப் பதில் ஒரு முட்டை, சைவம் என்றால் ஒரு சின்னக் கிண்ணம் சுண்டல். சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

படி 7: வாரம் ஒரு முறை மட்டும் எடை

ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே மெஷின். தினமும் ஏறி நிற்பவர்கள், முதல் நாள் ஊறுகாயும் கருவாடும் சாப்பிட்டதால் தேங்கிய நீரைக் கொழுப்பு என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். முதல் வாரம் ஒன்றரைக் கிலோ இறங்கினாலும் அதில் பெரும்பகுதி நீர்தான், அதை வைத்து இலக்கைக் கூட்டாதீர்கள். வயிற்றை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். எடைக்குப் பக்கத்தில், நடந்த நாள் எத்தனை, தசைப் பயிற்சி செய்த நாள் எத்தனை என்றும் எழுதுங்கள், உங்கள் கையில் இருப்பது அந்த இரண்டும்தான்.

படி 8: 16 வாரம் முடிந்ததும்

70 வந்துவிட்டால் உடனே 65 என்று ஓடாமல், இரண்டு மூன்று மாதம் அதே எடையில் நில்லுங்கள், ஆனியும் ஆடியும் அப்படியே போகட்டும். அப்புறம் 70-இல் 5 சதவீதம், மூன்றரைக் கிலோ, அடுத்த இலக்கு. புரட்டாசியில் கறி இல்லாத மாதத்தில் இரண்டாம் சுற்றைத் தொடங்குவது பலருக்கு எளிதாக இருக்கும், கறிக்குப் பதில் அப்பளமும் வடையும் கூடாமல் பார்த்துக்கொண்டால்.

72-இல் நின்றுவிட்டதா? இன்னும் எட்டு வாரம் சேர்த்துக்கொண்டு அதே வழியில் போங்கள். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எடையும் வயிறும் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் முதலில் எண்ணெய்ச் சீட்டைத் திரும்பப் பாருங்கள், அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எந்த முயற்சியும் செய்யாமல் மளமளவென்று எடை இறங்கினால் ஆறு வாரமெல்லாம் காத்திருக்கக்கூடாது, அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.