பப்ல லாகர் வாங்குனா முதல் ரெண்டு சிப் மெதுவா

2010ல இந்திராநகர் 100 அடி ரோட்ல டாய்ட்னு ஒரு பப் திறந்தாங்க, அதுலேர்ந்து பெங்களூர்ல மைக்ரோபிரூவரிக்கு, அதாவது அங்கேயே பீர் காய்ச்சி ஊத்துற பப்புக்கு, குறைச்சலே இல்ல, ஆனா நம்மாளுங்க அங்க போனா லாகர்னு எழுதியிருக்குற லைனை மட்டும் "அது சாதா பீர்டா"ன்னு தாண்டிப் போயிடுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். இப்ப எந்தப் புது பப்புக்குப் போனாலும் முதல்ல வாங்குறது அந்த சாதா பீரைத்தான். மாவு லேசா சரியில்லன்னா மசாலா தோசைல கிழங்கு காப்பாத்திடும், இட்லில காப்பாத்த யார் இருக்கா? ஐபிஏன்னு கசப்பு தூக்கலா ஒரு பீர் இருக்கு, அதுல ஹாப்ஸை (பீருக்குக் கசப்பும் வாசமும் தர்ற பூ) அள்ளிக் கொட்டித் தப்பை மறைச்சிடலாம், கோதுமை பீர்ல வர்ற வாழைப்பழ வாசம் பாதி தப்பை மூடிடும், லாகர்ல ஒளிய இடமே கிடையாது.

போர்டுல ஹெல்லஸ், பில்ஸ்னர்னு போட்டிருக்கும், ரெண்டும் லாகர்தான். பில்ஸ்னர் 1842ல இப்ப செக் நாட்டுல இருக்குற பில்சன் ஊர்ல பிறந்தது, கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். அதுக்குப் போட்டியா 1894ல மியூனிக்ல ஸ்பாட்டன் கம்பெனி இறக்குனது ஹெல்லஸ், கசப்பு கம்மி, ஆல்கஹால் 5% பக்கம், ஈஸியா உள்ள போற பீர் வேணும்னா இதான். முழு மக் சொல்லாதீங்க, டேஸ்டர் (ருசி பாக்கத் தர்ற குட்டி கிளாஸ்) கேளுங்க, கேட்டா பெரும்பாலும் தருவாங்க. முடிஞ்சா "பாஸ், இது எத்தனை வாரம் டேங்க்ல இருந்துச்சு"ன்னும் கேட்டுப் பாருங்க. ஏல் (ஐபிஏ, கோதுமை பீர் எல்லாம் இந்த வகைதான்) ரெண்டு மூணு வாரத்துல ரெடியாயிடும், லாகர் 10 டிகிரி பக்கத்துல மெதுவாப் புளிச்சு அப்புறம் 0 டிகிரி கிட்ட வாரக்கணக்குல சும்மா கிடக்கணும், ஜெர்மன்ல அந்தப் பேருக்கே சேர்த்து வைக்கிறதுன்னுதான் அர்த்தம். அவ்ளோ நாள் டேங்க்கை அடைச்சுக்கிட்டு இருக்கும்ங்கிறதாலயே பல இடத்துல லாகர் போட யோசிப்பாங்க.

கிளாஸ் வந்ததும் பக்கவாட்டுல பாருங்க. கண்ணாடி உள்பக்கம் குமிழி அங்கங்க ஒட்டிக்கிட்டு நின்னா கிளாஸ் சரியா கழுவலன்னு அர்த்தம், எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருக்கு, மாத்தித் தரச் சொல்லுங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. நுரை ரெண்டு விரல் உயரம் நிக்கணும். ஃபில்டர் காபில நுரை இல்லன்னா சண்டை போடுற அதே ஆளு பீர்ல நுரை வந்தா "ஏமாத்துறான்"ங்கறது எனக்குப் புரியவே இல்ல, வாசமே அந்த நுரைலதான் இருக்கு. லேசா கலங்கலா இருந்தா பயப்படாதீங்க, ஃபில்டர் பண்ணாம ஊத்துறாங்க, அவ்ளோதான்.

ரொம்ப சில்லுன்னு வந்தா நாக்கு மரத்துப் போயிடும், ஒரு அஞ்சு நிமிஷம் உள்ளங்கைல பிடிச்சு வச்சிருங்க. அப்புறம் மூக்கை உள்ள விட்டு சின்னச் சின்னதா ரெண்டு மூணு இழுப்பு. நல்ல ஹெல்லஸ்ல ஹார்லிக்ஸ் டப்பா திறந்த மாதிரி ஒரு வாசம் வரும், ரெண்டும் மால்ட்தானே (முளைகட்டி உலர்த்துன தானியம்), அதுக்குப் பின்னாடி புல்லு, பூ மாதிரி மெலிசா ஹாப்ஸ். இப்ப ஒரு வாய் குடிச்சு ரெண்டு செகண்ட் வச்சு முழுங்குங்க, வைன் மாதிரி துப்பக் கூடாது, ஏன்னா கசப்பு முழுங்கின அப்புறம்தான் மெதுவா மேல வரும். முதல்ல பிரெட் மாதிரி லேசா இனிப்பு, அப்புறம் கசப்பு, அப்புறம் ரெண்டும் போய் வாய் சுத்தமாயிடணும். இனிப்பு பிசுபிசுன்னு பல்லுல நின்னா அது லாகர்ல சேர்த்தி இல்ல.

ஒரு தடவை ஒரு பப்ல (பேரு வேணாம்) கிளாஸைப் பக்கத்துல கொண்டு போனதுமே தியேட்டர் பாப்கார்ன் வாசம், வெண்ணெய் வெண்ணெயா. கேட்டா "சார் அதான் ஃப்ளேவர்"ன்னுட்டாரு. அது டையசெட்டைல், ஈஸ்ட் தன் வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடியே பீரைக் குளிர வச்சா வரும், குழாய் லைனை கழுவாம விட்டாலும் வரும். பச்சை ஆப்பிள் வாசம்னா பீர் இன்னும் பிஞ்சு, அவிச்ச மக்காச்சோளம் தூக்கலா அடிச்சா கொதிக்க வச்சதுல கோளாறு, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருந்தா காத்து பட்டுப் பழசாயிடுச்சு.

இதெல்லாம் முடியுற வரைக்கும் சில்லி சிக்கன் வேண்டாம், உப்புக்கடலை போதும், நடுவுல தண்ணி குடிங்க. ஐபிஏ ஆசை இருந்தா லாகருக்கு அப்புறம் வச்சுக்குங்க, முதல்லயே குடிச்சிட்டா அந்தக் கசப்புக்கு முன்னாடி லாகர் வெறும் சோடாவாத்தான் தெரியும். டேஸ்டர் பிடிச்சுப் போய் முழு கிளாஸ் வாங்கிட்டீங்கன்னா கடைசி கால்வாசியை வேணும்னே ஒரு பத்து நிமிஷம் விட்டு வைங்க, சில்லு போனதும் மறைஞ்சிருந்த தப்பெல்லாம் வெளிய வந்துடும், அப்பவும் நல்லா இருந்துச்சுன்னா தைரியமா ரிப்பீட் சொல்லுங்க.