வெட்ஜில் பஞ்ச் ஷாட்: எதிர்காற்றில் பந்தைத் தாழ்வாக அனுப்புவது எப்படி?

டபிள்யூஜிடி கோல்ஃப் என்ற கணினி விளையாட்டில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் என்ற ஸ்காட்லாந்து மைதானத்தை ஆடியவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதிலும் 17-வது குழியில் கிரீனின் (கொடி நிற்கும் மழித்த புல்தரை) முன்னால் இடப்பக்கம் ஆழமான பங்கர் (மணல் பள்ளம்), பின்னால் சாலை. எதிர்காற்றில் வெட்ஜால் (பந்தை உயரே தூக்கும் குறுந்தூர மட்டை) முழு ஷாட் அடித்தால் பந்து உயரே போய்த் தொங்கி, நேராக பங்கரில் இறங்கும். அந்தக் குழியில்தான் பஞ்ச் ஷாட்டைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் வெட்ஜ். முகம் 60 டிகிரி சாய்ந்த வெட்ஜை விட்டுவிடுங்கள். பஞ்ச் அடித்தாலும் அது பந்தைத் தூக்கத்தான் பார்க்கும். 46 டிகிரி பக்கத்தில் உள்ள பிட்சிங் வெட்ஜ்தான் என் தேர்வு. ஷாட் வகையை பஞ்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திரையில் பலம் காட்டும் மீட்டரை இழுத்து விடுவது, கோட்டில் கிளிக் செய்வது எல்லாம் வழக்கம்போலத்தான். டச்பேட் வேண்டாம், மவுஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தூரம். நான் பல வாரம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். முழு ஷாட்டுக்குச் செய்வதுபோலக் கொடியைக் குறிவைத்தே அடித்துக்கொண்டிருந்தேன். பந்து கொடிக்கருகே விழும், நிற்காமல் உருண்டு சாலைக்குப் போய்விடும். பலத்தைக் குறைத்தால் பங்கர். தாழ்வாக வரும் பந்து தட்டையான கோணத்தில் தரையைத் தொடுவதால் விழுந்த பிறகும் ஓடும். அதனால் விழும் தூரம், உருளும் தூரம் இரண்டையும் தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும்.

பயிற்சி ஆட்டத்தில் காற்று குறைவாக இருக்கும்போது முழு பலம், முக்கால், பாதி என்று ஒவ்வொன்றிலும் ஐந்து பந்து அடியுங்கள். எக்செல் வேண்டாம், ஒரு சின்ன நோட்டு போதும்; ஆட்டத்தின் நடுவே திரையை மாற்றினால் கையின் தாளம் கலைந்துவிடுகிறது. என் நோட்டில் முக்கால் பலத்துக்கு எதிரே "விழுவது 74, உருள்வது 9" என்று இருக்கிறது. மொத்தம் 83 யார்டு. உங்கள் வெட்ஜுக்கும் பந்துக்கும் வேறு எண் வரும்.

இனி காற்று. கொடி 78 யார்டில் இருக்கிறது, எதிர்காற்று மணிக்கு 12 மைல் என்று வையுங்கள். முழு ஷாட் என்றால் ஒரு மைலுக்கு ஒரு சதவீதம் கூட்டுவேன், அதாவது சுமார் 9 யார்டு. பஞ்சுக்கு அதில் பாதிதான், 5 போதும். 78-உம் 5-உம் 83. நோட்டில் இருக்கும் முக்கால் பலம் அப்படியே பொருந்துகிறது. முன்பு இங்கேயும் முழு 9-ஐக் கூட்டி, கிரீனைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தேன்.

ரஃபில் (நீண்ட புல்லில்) கிடக்கும் பந்துக்கு நான் பஞ்ச் அடிப்பதில்லை. புல் எவ்வளவு பலத்தை விழுங்கும் என்பது ஒவ்வொரு முறையும் மாறுவதால் நோட்டுக் கணக்கு நிற்காது.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒரு நண்பர், "நீங்கள் சொன்னபடி அளந்தேன், எல்லாப் பந்தும் தாண்டிப் போகிறது" என்று எழுதியிருந்தார். கேட்டுப் பார்த்தால், மெதுவான கிரீனில் அளந்துவிட்டு வேகமான கிரீனில் ஆடியிருக்கிறார். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விழும் தூரம் மாறாது, உருள்வதுதான் கூடும். கிரீன் வேகம் ஒவ்வொன்றுக்கும் நோட்டில் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கிரீன் கொடியை நோக்கி இறங்கினால் இன்னும் இரண்டு மூன்று யார்டு முன்னதாகவே பந்தை விழ வையுங்கள்.